மண்டபத்தில் இருப்பவை குட்டிகளா, வேறு இனமா?

கேள்வி: புதுச்சேரியை அடுத்த பாகூரிலிருந்து ஒரு வாசகர், 11 பிப்ரவரி 2024

அம்மா, எங்கள் ஊரில் மூன்று இடங்களில் வௌவால்கள் இருக்கின்றன. ஏரிப்பக்கத்து ஆலமரத்தில் காக்கையைவிடப் பெரியவை பகலெல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு தொங்குகின்றன. வயலோரப் பனைகளில் அணில் அளவுள்ளவை இருக்கின்றன. ஊருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் கல்மண்டபத்தில் கட்டைவிரல் பருமனுள்ளவை நிறைய இருக்கின்றன. மூன்றும் ஒரே இனம் என்று என் தாத்தா உறுதியாகச் சொல்கிறார். மண்டபத்தில் இருப்பவை குஞ்சுகளாம்; கொஞ்சம் வளர்ந்ததும் பனைக்கும், முழுதாக வளர்ந்ததும் ஆலமரத்துக்கும் போய்விடுமாம். எழுபது ஆண்டுகளாக இதே ஊரில் இருப்பவர் அவர். அவர் சொல்வது சரியா?

12 பிப்ரவரி 2024

சரியில்லை. மூன்றும் வெவ்வேறு இனங்கள். பனையிலும் மண்டபத்திலுமே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கக்கூடும்.

முதலில் குட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். வௌவால் பாலூட்டி, பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் ஈனும். பிறக்கும்போதே குட்டி தாயின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இருக்கும். சில வாரங்கள் தாயின் மார்பைக் கவ்வியபடி ஒட்டிக்கொண்டிருக்கும். தானாகப் பறக்கத் தொடங்கும்போது உருவத்தில் ஏறத்தாழ தாயளவு வளர்ந்துவிட்டிருக்கும். ஆகவே, கட்டைவிரல் பருமனில் ஒன்று சுறுசுறுப்பாகப் பறந்து இரை பிடிக்கிறது என்றால் அது வளர்ந்த வௌவால்தான். இதற்கு மேலும் ஐயமிருந்தால் சிறகெலும்புகளைப் பார்க்கலாம். இளங்குட்டியின் விரல் மூட்டுகள் குருத்தெலும்பாக இருப்பதால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மூட்டுப் பகுதி ஒளி கசியத் தெரியும். வளர்ந்ததன் மூட்டு கெட்டியாகி, முடிச்சுப் போலப் புடைத்திருக்கும். இதை இறந்து கிடக்கும் வௌவாலில்கூட வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். வெறிநோய் உட்படச் சில நோய்கள் வௌவாலின் கடியாலும் எச்சிலாலும் பரவக்கூடியவை.

இனி முகம். ஆலமரத்தில் இருப்பவற்றுக்கு நரியைப் போன்ற நீண்ட முகவாயும் பெரிய கண்களும் இருக்கும், வால் கிடையாது. சிறகை விரித்தால் 1 மீட்டரைத் தாண்டும். நூல்களில் அதற்கு டீரோபஸ் என்று பெயர். மண்டபத்தில் இருப்பவற்றின் கண்கள் கடுகு போல இருக்கும். மூக்கின் மேல் இலை போன்ற தசைமடல் இருக்கும். முதலாவது பழம் உண்பது, இரண்டாவது பூச்சி பிடிப்பது. பசுவும் புலியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் இவையும்.

நம் பழைய மொழியில் வாவல் என்றும் துரிஞ்சில் என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மரத்தில் தொங்குவதை வாவல் என்றும், சுவர் இடுக்கில் இருக்கும் சிறியதைத் துரிஞ்சில் என்றும் பிரித்தே சொன்னார்கள். எல்லாவற்றையும் வௌவால் என்ற ஒரே சொல்லில் அடக்கியது பிற்காலத்தில் வந்த பழக்கம் என்றே நினைக்கிறேன்.

12 பிப்ரவரி 2024, இரவு

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். எங்கே தங்குகிறது என்பதோடு எப்படித் தங்குகிறது என்பதையும் பாருங்கள். ஆலமரத்துப் பெரிய வௌவால் சிறகைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டு தொங்கும். வெயில் ஏறினால் சிறகை விசிறி போல ஆட்டும். மூக்கிலை உள்ள சிறியது கால்விரல்களால் மட்டுமே பற்றி, கூரையிலிருந்து விளக்குத் தொங்குவது போலத் தனித்து நிற்கும். பக்கத்தில் இருப்பது தன்மேல் படாதபடி இடைவெளி விட்டுக்கொள்ளும். சுவரில் வயிற்றை ஒட்டி, பல்லி போலப் படுத்திருக்கும் வகையும் உண்டு. உங்கள் மண்டபத்தில் எந்த வகை என்று அடுத்த முறை பார்த்துச் சொல்லுங்கள். விளக்கை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள்.

18 பிப்ரவரி 2024

பனையைப் பற்றி விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் அதில் நானே நீண்ட காலம் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

கடலூரில் உயிரியல் ஆசிரியையாக இருந்த நாட்களில், பனையில் இருப்பது குறுமூக்குப் பழவௌவால் என்றே ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொன்னேன். அந்த வௌவாலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் புதுப்பாளையம் வீட்டு வாசலில் நாட்டு வாதுமை மரம் ஒன்று இருந்தது. பழக் காலத்தில் இரவெல்லாம் வாதுமைக்காயைக் கொண்டுவந்து தாழ்வாரத்து விட்டத்தில் தொங்கித் தின்று, கொட்டையைக் கீழே போடும். காலையில் பெருக்கும்போது சதை உரிந்த கொட்டைகளும், சாறு உறிஞ்சித் துப்பிய நார் உருண்டைகளும், சுவரில் மஞ்சள் கறையும் இருக்கும். காதின் ஓரம் வெள்ளைக் கரை போட்டது போல வெளுத்திருக்கும். கறுத்த சிறகில் விரலெலும்புகள் மட்டும் வெளிர்நிறமாகத் தெரியும். இவ்விரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த இனத்தை மறக்கமுடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. இரண்டு நாள் கழித்து, தேவனாம்பட்டினம் செல்லும் வழியில் தலை முறிந்து கிடந்த ஒரு பனையின் காய்ந்த மட்டைகளுக்கிடையே ஐந்து வௌவால்கள் இறந்து கிடந்தன. பழவௌவால் என்ற நினைப்பில் குனிந்தவள் திகைத்துப் போனேன். அளவு ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் உருவம் முற்றிலும் வேறு. முகம் தடித்து மழுங்கியிருந்தது, கண் சிறியது, வயிறு நல்ல மஞ்சள், தொடைகளுக்கிடையே விரிந்த சவ்வுக்குள் நீண்ட வால் அடங்கியிருந்தது, காதுத் துளைக்கு முன்னால் அரிவாள் போல வளைந்த சிறு மடல் நின்றது. அது ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி என்ற பூச்சியுண்ணி. 1831இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இயற்கையியலாளர் விவரித்த இந்த இனத்தின் மூல மாதிரி, அதாவது முதல் விவரிப்புக்கு அடிப்படையான உடல், சென்னையிலிருந்து போனது.

பழவௌவாலின் சிறகில் கட்டைவிரல் நகத்தோடு இரண்டாம் விரலிலும் ஒரு நகம் இருக்கும். பூச்சியுண்ணிக்குக் கட்டைவிரலில் மட்டுமே நகம். குறுமூக்குப் பழவௌவாலுக்கு வால் சுண்டுவிரல் நுனி அளவுக் குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஹீத்திக்கு நீண்ட வால் சவ்வினுள் இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் போதும். பனையில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக்கூடாது. இரண்டுக்குமே காய்ந்த ஓலை வீடுதான்.

நான் தவறாகச் சொல்லிக் கொடுத்த மாணவர்களில் இதைப் படிப்பவர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

20 பிப்ரவரி 2024

மட்டையைத் தொடாமல் தரையைப் பார்த்தே அறியலாமா என்று கேட்டிருந்தார்கள். ஓரளவுக்கு முடியும். பழவௌவாலின் கீழே விதை, நார் உருண்டை, ஈரக் கறை இருக்கும். பூச்சியுண்ணியின் எச்சம் எலிப்புழுக்கை போலக் கறுத்து உலர்ந்திருக்கும். குச்சியால் நசுக்கினால் தூளாகி, வண்டின் ஓடும் பூச்சிச் சிறகும் மினுங்கும். எலிப்புழுக்கை அப்படி உதிராது.

2 மார்ச் 2024

பாகூர் வாசகர் மண்டபத்தை மறுபடி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். உள்ளறையில் சிறியவை தனித்தனியாகத் தொங்குகின்றனவாம். வாசலை ஒட்டிய மேல்வரிசைக் கல்லிடுக்கில் அவற்றைவிடப் பெரியவை சுமார் இருபது இருக்கின்றனவாம்; நாய் போன்ற முகமாம்; பெரிய கண்களாம். இவை பழவௌவால்களா என்று கேட்கிறார்.

அளவும் கண்ணும் முகமும் அவர் சொல்வது போல இருந்தால், அவை ரூசெட்டஸ் லெஷனால்ட்டி ஆகலாம். பழவௌவால்களில் கட்டடத்தையும் குகையையும் பாழ்ங்கிணற்றையும் தேடுவது அதுதான். அதன் பெயருக்குள் புதுச்சேரி இருக்கிறது. லெஷனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து அங்கிருந்த பிரெஞ்சு அரசின் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். புதுச்சேரியிலிருந்து கிடைத்த வௌவாலுக்கு 1820இல் தெமரே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அவர் பெயரையே இட்டார். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த இனத்தை யார் ஆராய்ந்தாலும் மூல இடம் என்று எழுதவேண்டியது நம் புதுச்சேரியைத்தான்.

குறுமூக்குப் பழவௌவாலுக்கும் நம் கரையோடு இப்படி ஓர் உறவு உண்டு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியைக் கொண்டு 1797இல் மார்ட்டின் வால் என்ற இயற்கையியலாளர் அதை விவரித்தார். இவ்விரண்டும் தோற்றத்தில் உறவினர்கள். ஆனால் ரூசெட்டஸின் முகவாய் நீளம். காதோரத்தில் வெள்ளைக் கரை இல்லை. விரலெலும்புகள் வெளுத்துத் தெரியா. குறுமூக்கன் வெளிச்சம் உள்ள மரத்தில் சிறு கூட்டமாக இருக்கும். ரூசெட்டஸ் இருட்டில் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துத் தொங்கும்.

ஒலியிலும் வேறுபாடு உண்டு. பெரும்பாலான பழவௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. ரூசெட்டஸ் மட்டும் நாக்கைச் சொடுக்கி, அந்தச் சொடுக்கின் எதிரொலியால் இருட்டில் வழி அறிகிறது. பல ஆண்டுகளுக்கு முன் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு பாழ்ங்கிணற்று விளிம்பில் மாலை நேரத்தில் நின்றிருந்தேன். உள்ளிருந்து யாரோ இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல, டிக்டிக், டிக்டிக் என்று இரட்டை இரட்டையாக ஓசை வந்தது. கிணற்றுச் சுவரில் கசியும் நீர் சொட்டுகிறது என்றே அன்று நினைத்தேன். கோடைக் காலம், கிணற்றில் நீரே இல்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

குறுமூக்கனின் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நெட்டிலிங்க மரத்தில் ஆண் வௌவால் வாரக்கணக்கில் உழைத்துச் சிறுகிளைகளையும் இலைகளையும் கடித்து அகற்றி, உள்ளே மணி போன்ற குழிவை உண்டாக்குகிறது. பிறகு அதற்குள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காவல் இருக்கிறது. தென் தமிழ்நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் இதை நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கங்களை அழகுக்கென்று வெட்டிச் சீர்செய்யும்போது, கிளைக்குள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9 மார்ச் 2024

மேலே எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

ரூசெட்டஸ் தவிர மற்றப் பழவௌவால்களுக்கு எதிரொலித் திறனே இல்லை என்ற பொருள் வரும்படி எழுதிவிட்டேன். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்கு ஆசியாவின் மூன்று பழவௌவால் இனங்கள் பறக்கும்போது சிறகாலேயே சொடுக்கொலி எழுப்புவதையும், முழு இருட்டில் அந்த ஒலி பெருகுவதையும் காட்டியது. அம்மூன்றில் ஒன்று நம் குறுமூக்கனின் நெருங்கிய உறவான சிறிய குறுமூக்கன். அந்த ஒலி பெரிய தடைகளை அறியும் அளவுக்கே உதவுகிறது, மெல்லிய கம்பியைத் தவிர்க்கும் நுட்பம் அதில் இல்லை.

இரண்டாவது, அளவு. முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலான முன்கை நீளம்தான் வௌவாலை அளக்கும் வழக்கமான அளவு. குறுமூக்கனுக்கு அது 64 முதல் 79 மில்லிமீட்டர். ரூசெட்டஸுக்கு ஏறத்தாழ 75 முதல் 86. இடையில் சில மில்லிமீட்டருக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே அளவை மட்டும் கேட்டு நான் பெயர் சொல்ல முனைந்தது சரியல்ல.

24 மார்ச் 2024

பாகூர் வாசகரிடமிருந்து படம் வந்துவிட்டது. ரூசெட்டஸ் என்ற என் ஊகம் தவறு.

வாசல் இடுக்கில் இருப்பவை தொங்கவே இல்லை. வயிறும் மணிக்கட்டும் கல்லில் படிய, சுவரில் அறைந்தது போல ஒட்டியிருக்கின்றன. ஆள் நெருங்கியதும் நண்டு போலப் பக்கவாட்டில் விரைந்து நகர்ந்தன என்றும் எழுதியிருக்கிறார். பழவௌவால் அப்படிச் செய்யாது. இவை டாஃபோசூஸ் பேரினத்தைச் சேர்ந்த பூச்சியுண்ணிகள். முகம் நாய் போலத் தெரிவதற்குக் காரணம், இவற்றுக்கு மூக்கிலை கிடையாது. பூச்சியுண்ணிகளில் கண்ணும் சற்றுப் பெரியது. இரண்டாவது படத்தில் வால் தெளிவாக விழுந்திருக்கிறது: தொடைச்சவ்வின் மேற்புறத்தைத் துளைத்துக்கொண்டு, உறையிலிருந்து எட்டிப்பார்க்கும் கத்தி நுனி போல நிற்கிறது. வேறு எந்தக் குடும்பத்தோடும் இதைக் குழப்பமுடியாது. ஒன்றின் தாடையில் கறுத்த தாடியும் இருப்பதால், அது கருந்தாடி இனத்தின் ஆணாக இருக்கவேண்டும்.

வாசகர் முதலில் எழுதியபோதே “தொங்குகின்றனவா, ஒட்டியிருக்கின்றனவா” என்று நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். பிப்ரவரி 12 இரவுக் குறிப்பில் நானே எழுதிய கேள்விதான் அது. பெரிய கண் என்ற சொல்லைப் படித்ததும், புதுச்சேரிப் பெயர் கொண்ட வௌவால் புதுச்சேரி மண்டபத்தில் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அதை மறந்துவிட்டேன்.

7 ஏப்ரல் 2024

இரண்டு மாலைகள் பாகூர் மண்டபத்துக்கே போய் வந்தேன். வாசகரும் அவருடைய தாத்தாவும் உடன் இருந்தார்கள். என்னிடம் கைப்பேசியில் பொருத்தும் சிறிய ஒலியுணர் கருவி இருக்கிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது. வௌவால்களின் வழியறி ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான்.

முதல் மாலை. கதிரவன் மறைந்து சற்று நேரத்தில் டாஃபோசூஸ் வெளிவந்தது. திரையில் 30 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே தடித்த கோடுகள் விழுந்தன. மண்டபத்துக்கு மேலே உயரத்தில், திறந்த வானில் வேகமாகப் பறக்கும் வௌவாலுக்கு இப்படித் தாழ்ந்த ஒலி பொருத்தமானது, ஏனென்றால் தாழ்ந்த ஒலி காற்றில் நெடுந்தூரம் செல்லும். பிறகு உள்ளறைச் சிறியவை வாசலில் சுழன்று சுழன்று நூற்றுக்கணக்கில் வந்தன. என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் சென்றும் திரையில் ஒரு கோடு விழவில்லை. “இவை ஒலி எழுப்பாமல் பழகிய பாதையை நினைவால் பறக்கின்றன” என்று தாத்தாவிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

இரண்டாம் மாலை, புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் உறவினர் பெண் தன் கருவியோடு வந்தாள். அவள் கருவியில் திரை நிறையக் கோடுகள். காரணத்தை அவள்தான் சொன்னாள். நொடிக்கு 2,56,000 முறை அளந்து பதியும் என் கருவி, அதில் பாதியான 128 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதியமுடியும். அவளுடையது நொடிக்கு 3,84,000 முறை அளப்பதால் 192 வரை பதியும். மண்டபத்துச் சிறியவை கத்திக்கொண்டேதான் இருந்தன. அவற்றின் ஒலி என் கருவியின் எல்லைக்கு மேலே இருந்தது. மறுநாள் காலையே தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, நான் சொன்ன விளக்கம் தவறு என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. கோடுகள் இரண்டு அடுக்காக விழுந்திருந்தன: ஓர் அடுக்கு 130ஐ ஒட்டி, மற்றொன்று 150ஐத் தாண்டி. இலைமூக்கு வௌவால்கள் தொனி மாறாத ஒரே சுருதியில் நீட்டி, முடிவில் மட்டும் கீழே இழுத்து விடும். ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்ளும். எனவே உள்ளறையில் இருப்பது ஓரினம் அல்ல, இரண்டு. 130ஐ ஒட்டியது ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ். 150க்கு மேலே ஹிப்போசிடெராஸ் ஃபுல்வஸ்.

கண்ணால் பிரிக்க, மூக்கிலையின் இருபுறமும் பாருங்கள். ஸ்பியோரிஸுக்குப் பக்கத்துக்கு மூன்று சிறு துணைமடல்கள் அடுக்காக இருக்கும். ஃபுல்வஸுக்குத் துணைமடலே இல்லை. அதன் காதுகள் அகன்று, வட்டமாக, முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியவை. நிறத்தை நம்பாதீர்கள். இரண்டிலுமே சாம்பல் நிறத்தவையும் உண்டு, காவி நிறத்தவையும் உண்டு. அந்த மண்டபத்தில் காவி நிறத்தவை எல்லாம் பெண்கள் என்று வாசகர் நினைத்திருந்தார்; அப்படி இல்லை.

8 ஏப்ரல் 2024

நேற்று விட்டுப்போனது. மண்டபத்தின் வடமேற்கு மூலையில் தரையில் தவளைக் கால்களும், ஒரு சுண்டெலி வாலும், பெரிய வெட்டுக்கிளிச் சிறகுகளும் கிடந்தன. இலைமூக்கனின் வாய்க்கு இவை அடங்கா. மேலே பார்த்தபோது நான்கைந்து லைரோடெர்மா லைரா இருந்தன: நெற்றியில் ஒன்றோடொன்று இணைந்த பெருங்காதுகள், நிமிர்ந்து நிற்கும் நீண்ட மூக்கிலை, வால் இல்லை. இரை தரையில் நகரும் சலசலப்பைக் காதால் கேட்டே பிடிக்கக்கூடியது இது. ஆங்கிலப் பெயரில் இரத்தக் காட்டேரி என்ற பொருள் கலந்திருப்பதால் இதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். இது யாருடைய இரத்தத்தையும் குடிப்பதில்லை. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே இனங்கள்; மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில்தான் வாழ்கின்றன.

ஆக, “மண்டபத்துச் சிறியவை” என்று தொடங்கிய இடத்தில் இப்போது நான்கு இனங்கள் இருக்கின்றன.

28 ஏப்ரல் 2024

பண்ருட்டியிலிருந்து ஒருவர் முந்திரியைப் பற்றிக் கேட்டிருந்தார். ஆம், முந்திரிப் பழத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் குறுமூக்கன்தான். பழத்தை மரத்திலேயே உண்ணாமல் வேறு மறைவிடத்துக்குக் கொண்டுபோய்ச் சாறு உறிஞ்சிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். அந்த இடங்கள் தெரிந்தவர்கள் காலையில் பொறுக்கிக்கொள்வார்கள். ஆலமரத்துப் பெரியதும் வரும், ஆனால் அது கிளையில் வந்து விழும் ஓசையும் சண்டைக் கூச்சலும் தோப்பு முழுவதும் கேட்கும். சத்தமில்லாமல் பழம் போயிருந்தால் சிறியது என்று கொள்ளலாம்.

அவர் கடலூர் துறைமுகத்தில் “வௌவால்” என்று கேட்டபோது மீனைக் காட்டினார்கள் என்றும் எழுதியிருந்தார். அகன்று தட்டையான அந்த மீனின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. கோயில் கட்டடத்திலும் வௌவால்நெத்தி மண்டபம் என்று சரிந்த கூரையுள்ள ஒரு வகை உண்டு. உருவத்தைக் கூர்ந்து பார்த்துப் பெயர் வைத்த மக்கள்தான் நாம். வௌவாலுக்குள்ளேயே இருக்கும் உருவ வேறுபாடுகளுக்கும் ஊர்ப்பெயர்கள் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருளர் பெரியவர்களிடமும் பனையேறிகளிடமும் கேட்டுப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

15 ஜூன் 2024

வீட்டுக்குள் வந்து மின்விசிறியைச் சுற்றும் மிகச்சிறிய வௌவாலைப் பற்றி மூன்று பேர் படம் அனுப்பியிருக்கிறார்கள். பிபிஸ்ட்ரெல்லஸ் பேரினம் என்பது வரை சொல்லமுடியும். அதற்கு மேல் அந்தப் படங்களிலிருந்து சொல்லமாட்டேன்.

நம் பகுதியில் மூன்று இனங்கள் போட்டியிடுகின்றன. சிலோனிகஸ் சற்றுப் பெரியது, முன்கை 33 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், ஒலியும் தாழ்ந்தது. கோரமண்ட்ரா, டெனுயிஸ் இரண்டும் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு. முன்கை 3 சென்டிமீட்டரை ஒட்டியது. சுவர் வெடிப்பு, பெயர்ப்பலகையின் பின்புறம், ஓட்டுக் கூரையின் இடுக்கு என்று தங்குமிடமும் ஒன்றே. அறிஞர்களே இவற்றைப் பிரிக்க மேல்தாடையின் இரண்டாம் வெட்டுப்பல்லையும், ஆண்குறிக்குள் இருக்கும் நுண்ணெலும்பின் வடிவத்தையும் பார்க்கிறார்கள். இவற்றில் கோரமண்ட்ரா என்ற பெயர் நம் சோழமண்டலக் கரையின் பெயர். 1838இல் கிரே என்ற விலங்கியலாளர் விவரித்த அந்த மாதிரியும் புதுச்சேரியிலிருந்தே போனது. அதனால் உங்கள் வீட்டுக்கு வந்தது அதுவாக இருக்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் மார்ச் மாதத்தில் இதே ஆசைதான் என்னைத் தவறச் செய்தது.

பெயர் தவறுவது அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் பிடித்த ஒரு பழவௌவால், குறுமூக்கன் என்ற சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வால் இல்லை, பல்வரிசையும் வேறு. அது அறிவியல் அதுவரை அறியாத இனம் மட்டுமல்ல, புதிய பேரினமும்கூட. பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் அதற்கு இடப்பட்டது. குறுமூக்கனுக்குச் சிறு வால் உண்டு என்பதை யாரேனும் சரிபார்த்திருந்தால் அந்த 24 ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்குள் வந்ததை அடிக்காதீர்கள். மின்விசிறியையும் விளக்கையும் அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டால் தானே வெளியேறிவிடும்.

4 ஆகஸ்ட் 2024

தாத்தாவின் கருத்தை “சரியில்லை” என்ற ஒரே சொல்லில் முதல் நாளே தள்ளிவிட்டேன். அது இத்தனை மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. சென்ற வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மண்டபமும் பனைகளும் ஆலமரமும் ஒரே கோட்டில் தெரிகின்றன. வானம் இன்னும் செம்மையாக இருக்கும்போதே மண்டபத்துச் சிறியவை வந்தன. அவை பனைப்பக்கம் போய்ச் சுற்றின. சற்று இருண்டதும் பனைகளிலிருந்து நடுத்தரமானவை கிளம்பின. நன்றாக இருட்டிய பிறகு ஆலமரத்துப் பெரியவை ஒவ்வொன்றாகச் சிறகை அசைத்து ஏரியைக் கடந்து போயின. சிறியது, அடுத்தது, பெரியது என்ற அந்த வரிசை நாள்தோறும் தவறுவதில்லை. தாத்தா எழுபது ஆண்டுகளாகத் திண்ணையிலிருந்து பார்த்தது அதைத்தான். அந்த வரிசைக்கு அவர் சொன்ன காரணம் வேறாக இருந்தாலும், அவர் பார்த்த ஒழுங்கு உண்மையானது. சிறிய பூச்சியுண்ணிக்கு அந்தி மயங்கும் நேரத்தில் எழும்பும் பூச்சிக் கூட்டம் வேண்டும். பெரியதற்குப் பழம் எங்கும் போய்விடாது. வெளிச்சத்தில் கிளம்பினால் காக்கையும் பருந்தும் துரத்தும்.

இதை அவரிடம் சொன்னபோது, “அப்படியானால் பனையில் இருப்பது எது, பழம் தின்பதா, பூச்சி தின்பதா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆறு மாதமாக இவ்வளவு எழுதியும், அந்தப் பனைகளின் கீழே போய்த் தரையை நான் பார்க்கவேயில்லை.

11 ஆகஸ்ட் 2024

பார்த்தேன். ஏழு பனைகள். ஐந்தின் கீழே வேப்பங்கொட்டையும் நாருருண்டையும். இரண்டின் கீழே உதிரும் கறுத்த எச்சமும் வண்டோடும். தாத்தா அந்த இரண்டு பனைகளுக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தார்.

8 டிசம்பர் 2024

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது; புதுச்சேரி ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கண்டது. தண்ணீர் வடிந்த பிறகு நேற்றுத்தான் பாகூர் போகமுடிந்தது.

ஆலமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்திருக்கிறது. இறந்த பெரிய வௌவால்கள் பதினொன்றை ஊரார் கையுறை அணிந்து எடுத்துப் புதைத்திருக்கிறார்கள். மற்றவை பக்கத்து இலுப்பை மரத்தில் நெருக்கமாகத் தொங்குகின்றன. முன்பெல்லாம் இவை சட்டத்திலேயே தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. இலுப்பையை வெட்டவேண்டும் என்று சொன்ன இருவரிடம் இதை எடுத்துச் சொன்னோம். வாசகரும் பேசினார்.

மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலிடுக்கில் டாஃபோசூஸ் பத்தொன்பது. உள்ளறையில் முழங்கால் அளவு நீர் நின்றதால் நுழையவில்லை. உறவினர் பெண்ணின் கருவியை வாசலில் வைத்துப் பதிந்ததில் இரண்டு அடுக்கும் விழுந்தன.

ஏழு பனைகளில் இரண்டு சாய்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று சுண்ணாம்புக் கோடு போட்டது. கிடந்த மட்டைகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். உள்ளே எதுவும் இல்லை. கோடு போட்ட மற்றொரு பனையின் கீழே சாக்கை விரித்துவிட்டு வந்திருக்கிறேன். புதிய எச்சம் விழுகிறதா என்று தாத்தா காலையில் பார்த்துச் சொல்வார்.